லினக்ஸ்ல பிரின்ட்டர் செட் பண்ணணுமா? டிரைவரைத் தேடாதீங்க!

நாளைக்கு எக்ஸாம். ஹால் டிக்கெட் பிரின்ட் எடுக்கணும். லேப்டாப்ல உபுன்டு, பக்கத்துல வைஃபை பிரின்ட்டர். கூட வந்த சி.டி-யோ விண்டோஸுக்கு மட்டும்தான். உடனே பிரவுசிங் சென்டருக்குக் கிளம்பிடாதீங்க. அந்த சி.டி பெரும்பாலும் தேவையே இல்லை!

லினக்ஸில் பிரின்ட் வேலையைக் கவனிப்பது 'கப்ஸ்' என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். 1999-ல் வெளியானது, ஆப்பிளின் மேக்கிலும் இதுதான் இருக்கிறது. உங்கள் பிரின்ட்டர் பாக்ஸில் 'ஏர்பிரின்ட்' என்று போட்டிருந்தால், தனி டிரைவர் இல்லாமலே வேலை நடக்கும்.

என்ன செய்யணும்?

* பிரின்ட்டரும் லேப்டாப்பும் ஒரே வைஃபையில் இருக்கட்டும்.

* செட்டிங்ஸில் 'பிரின்ட்டர்ஸ்' பகுதிக்குப் போங்க. பல நேரம் பெயர் தானாகவே வந்திருக்கும். இல்லையென்றால் 'ஆட் பிரின்ட்டர்' கொடுங்க.

* பேப்பர் சைஸை ஏ4 என மாற்றுங்கள். 'லெட்டர்' என்றே விட்டால் ஓரம் வெட்டுப்படலாம்.

* ஹால் டிக்கெட்டுக்கு முன்னால் ஒரு டெஸ்ட் பேஜ் எடுத்துப் பாருங்க.

பழைய ஹெச்.பி பிரின்ட்டரா? 'ஹெச்.பி.லிப்' என்ற இலவச மென்பொருளை இன்ஸ்டால் செய்யுங்கள். சில லேசர் மாடல்கள் கூடுதலாக ஒரு ப்ளக்-இன் கேட்கும்.

பிரின்ட் கொடுத்தும் பேப்பர் வரலையா? பிரவுசரில் 'லோக்கல்ஹோஸ்ட்:631' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, 'ஜாப்ஸ்' பக்கத்தைப் பாருங்க. நடுவில் சிக்கி நிற்கும் பழைய பிரின்ட்டை கேன்சல் செய்தால், அடுத்தது நகரும்.

பத்து நிமிஷ வேலைதான். ஆதார், மார்க்‌ஷீட்டையெல்லாம் யாரோ ஒருத்தர் கம்ப்யூட்டர்ல விட்டுட்டு வர வேண்டாமே!