பசி எங்கே போனது?

"வைத்தியரய்யா, அப்பாவுக்குப் பசியே இல்லை. நல்ல லேகியமா ஒண்ணு குடுங்க!"

மண்டபத்திலிருந்து வந்த மகன் கேட்டார். நான் தரவில்லை. பெரியவருக்கு இரண்டு மாதமாகச் சோறு இறங்கவில்லை, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, சாயந்திரமானால் காய்ச்சல். சளிப் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். காசநோய்!

இரைப்பை காலியானால், 'கிரெலின்' என்ற சுரப்பு மூளைக்குச் சேதி சொல்லும். 1999-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தது இது. உடம்பில் கிருமி புகுந்தாலோ, அதை எதிர்க்க ஊறும் வேதிப்பொருட்கள் மூளையின் பசியுணர்வை அடக்கிவிடும். மலச்சிக்கல், மனக்கவலை, சில மாத்திரைகள், சாப்பாட்டு நேரத்து டீ, பலகாரம் ஆகியவையும் பசியைக் கெடுக்கும்.

வெறும் மந்தம் என்றால் நாலு நாள் இஞ்சித் துவையல், சீரகத் தண்ணீர் போதும். ஆனால் இரண்டு வாரம் தாண்டினாலோ, எடை குறைந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, 'வயசாச்சு, அதான்' என்று விட்டுவிடாதீர்கள். முதலில் பரிசோதனை, பிறகுதான் லேகியம்.

அந்தப் பெரியவர் இப்போது மாத்திரைகளை விடாமல் சாப்பிடுகிறார். போன வாரம் மருமகளிடம் மீன்குழம்பு கேட்டாராம்!