அரசு ஆவணங்களில் எழுத்தும் வரிவடிவும்

எழுத்து என்னும் சொல் ஒலிவடிவினையும் வரிவடிவினையும் ஒருங்கே குறித்து நிற்றலைத் தமிழ் பயில்வார் யாவரும் அறிவர். தொல்காப்பியர் நூன்மரபில் உயிர்மெய் வரிவடிவு பெறும் முறையை ஒரு நூற்பாவிற் கூறி, மெய்யின் பின்னரே உயிர் தோன்றும் என்பதனை அடுத்த நூற்பாவில் வேறாக எடுத்தோதினார். வடிவின் முறை வேறு, ஒலியின் முறை வேறு என்னும் இத்தெளிவு, அரசுத் துறைகள் இணையதளங்களில் வெளியிடும் தமிழ் ஆவணங்களை ஆராயப் புகுவார்க்கு இன்றும் துணை செய்கின்றது. அவ்வாவணங்களுட் பல, பார்வையுடையார்க்கு மட்டுமே பயன்படுவதன் காரணத்தை ஈண்டு விளக்க முயல்வோம்.

பார்வையற்றோர் கணினியையும் கைப்பேசியையும் திரைபடிப்பான் என்னும் செயலியின் துணையால் பயன்படுத்துவர். அச்செயலி ஆவணத்தினுள் சேமிக்கப்பெற்ற எழுத்துக் குறிகளை எடுத்து ஒலியாக்குவது. ஆதலின் உள்ளே எழுத்து இல்லையேல் ஒலியும் இல்லை. கையொப்பமும் முத்திரையும் இட்ட தாளைப் படமாக்கி ஏற்றும் அரசாணைகள் இவ்வகையின. எழுத்துணரிச் செயலிகள் படத்திலிருந்து எழுத்தை ஊகித்தெடுக்க வல்லன எனினும், ஊகம் ஊகமே. ஓய்வூதியத் தொகையில் ஓர் இலக்கம் பிழைபடின் அதற்குப் பொறுப்பாவார் யார்?

பழைய எழுத்துருக்களின் நிலை இதனினும் வியப்பிற்குரியது. ஒருங்குறி பரவுமுன், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்கள் வழங்கின. இலங்கைத் தமிழரிடையே பெரிதும் பயின்ற பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்னும் சொல்லை அடிப்பின், உள்ளே பதிவாவன ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. காண்பார்க்கு அது தமிழ். கேட்பார்க்குப் பொருளற்ற ஒலி. தமிழ்நாட்டரசு 2010 ஜூன் திங்களில் ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. எனினும் அதற்கு முற்பட்ட கோப்புகள் தாமே மாறுவன அல்ல.

ஒருங்குறியைக் கையாண்டமையால் மட்டும் குறை தீர்ந்தது எனக் கொள்ளுதலும் பொருந்தாது. ஒருங்குறி ஒலிமுறையைப் பின்பற்றுவது. ‘னை’ என்பதன்கண் னகரம் முன்னும் ஐகாரக் குறி பின்னுமாகச் சேமிக்கப்பெறும். வரிவடிவிலோ ஐகாரக் குறி முன்னிற்கும். (1978-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய வடிவத்தை மாற்றியதேயன்றி, குறி முன்னிற்றலை மாற்றிற்றில்லை.) பி.டி.எஃப். கோப்பு, தாளில் மை படியும் தோற்றத்தைக் காத்தற்கென்று பிறந்தது. அதனை உருவாக்குங்கால், பல வேளைகளில் வடிவங்கள் இடமிருந்து வலமாக நின்ற முறையிலேயே பதிவாகின்றன. அந்நிலையில் ‘மனைவி’ என்பது ‘மைனவி’ ஆகின்றது; ‘கடை’ ‘கைட’ ஆகின்றது; ‘வகை’ ‘வைக’ ஆகின்றது. ஒகர ஓகாரங்களிற் கொம்பும் காலும் மெய்யின் இருமருங்கும் பிரிந்து நிற்றலின் சிதைவு மிகும்; ‘தொகை’ என்னும் சொல்லைச் செவியால் உய்த்துணர்தல் அரிது.

குடும்ப ஓய்வூதிய விண்ணப்பத்தில் மனைவியின் பெயரை எழுதவேண்டிய இடம் யாதெனக் கேட்டறிய முயலும் ஒருவரை எண்ணுக. அவர் அயலார் ஒருவரை அழைத்துப் படிக்கச் செய்தல் வேண்டும். வருவாய், வங்கிக் கணக்கு, நோய் ஆகிய யாவும் அவ்வயலார்க்குத் தெரிந்துவிடும். தமக்கே உரிய செய்திகளைத் தம்மளவில் வைத்துக்கொள்ளும் உரிமையை அவர் அங்கேயே இழக்கின்றார். அதே கோப்பில் ‘மனைவி’ எனத் தேடும் ஆய்வாளரும் வெறுங்கையோடு மீள்வர். தமிழ்த்துறைகளில் உருவாகும் ஆய்வேடுகளும் இக்குறைக்கு விலக்கல்ல என்பதனை யாம் நாணத்தோடு ஒப்புகின்றோம்.

எழுத்திற்குரிய இவ்வேறுபாடு ஆவணத்தின் அமைப்பிற்கும் பொருந்தும். எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கியமையால் ஒரு வரி தலைப்பு ஆகாது. தலைப்பு என அதற்குரிய பாணியால் குறித்தல் வேண்டும். அட்டவணையின் தலைவரிசையும் அவ்வாறே. சொற்செயலியில் இங்ஙனம் அமைத்த ஆவணத்தை ‘அச்சிடு’ என்னும் வழியால் கோப்பாக்கின் அமைப்புக் குறிகள் பெரும்பாலும் அழிந்துபடும். ‘சேமி’ என்னும் வழியால் ஆக்கின் அவை உடன்செல்லும். ஆவணத்தின் மொழி தமிழ் எனக் குறிக்கப்பெறின் தமிழ்க்குரலைத் தெரிந்துகொள்ளுதல் திரைபடிப்பானுக்கு எளிதாம். எம் கருத்தில், இவை அனைத்தினும் நன்று எளிய வலைப்பக்கமாகவே வெளியிட்டு, கையொப்பமிட்ட படியைச் சான்றாக உடன்வைத்தல்.

சட்டம் இதற்கு மாறாக இல்லை. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 4-ஆம் பிரிவில், செய்திகளை மக்கள் எளிதில் அடையத்தக்க வடிவிற் பரப்புக என்கின்றது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 42-ஆம் பிரிவில் இக்கடமையை வலியுறுத்துகின்றது. மின்வழிச் சேவைகளை அணுகுதல் அரசமைப்பின் 21-ஆம் உறுப்புக் காக்கும் வாழ்வுரிமையின் கூறு என உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஆயினும் ஐகாரக் குறி எங்கு நிற்றல் வேண்டும் என்று நீதிமன்றம் வகுத்துரைக்க இயலாது. அது தமிழறிந்தார் அலுவலர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதாம்.

இதனைச் சோதிக்கும் வழியும் எளிதே. கோப்பினின்றும் ஐகாரமும் ஒகரமும் பயின்ற ஒரு வரியைப் படியெடுத்து, வெற்று உரைக்கோப்பில் ஒட்டிக் காண்க. எழுத்துகள் முறைமாறாது வரின் அவ்வரி செவிக்கும் உதவும். மாறி வரின், அல்லது ஒன்றுமே வாராதாயின், மூலக்கோப்பினை வருவித்து மீண்டும் ஆக்குதல் வேண்டும்.