அயல்நாட்டு ஆட்டக்காரரும் அணி வரம்பும்

பருவக்காற்று மாறுங்கால் புத்தளக் கரையோர மீனவர் பலர் கீழைக்கரை சென்று, வாடியமைத்துத் தொழில் புரிவர். பருவம் முடிந்ததும் ஊர் திரும்புவர். தொழிலுக்கு ஓரிடம், பிறப்புரிமைக்கு ஓரிடம் என்னும் இவ்வேறுபாடு தொழில்முறை றக்பி விளையாட்டின் விதிகளிலும் உண்டு.

கழக அணிக்கு ஒப்பந்தமே வேண்டுவது. அயலார் எத்துணைப் பேர் என்பதைப் போட்டியை நடத்துவோர் வரையறுப்பர். 2025 ஜூன் மாதம் மும்பையில் எழுவர் ஆட்டமாக நடைபெற்ற இந்திய றக்பி பிரிமியர் லீக்கில் ஆறு அணிகள் ஆடின. அணியொன்றுக்கு 13 பேர்: ஐவர் றக்பியிற் சிறந்த நாடுகளைச் சேர்ந்தோர், மூவர் கனடா, ஹொங்கொங், ஜேர்மனி ஆகியவற்றினின்று வந்தோர், எஞ்சிய ஐவர் இந்தியர். சென்னை அணி வாகை சூடியது. அவ்வைந்து இடங்களை விதி காவாதாயின், செல்வர் அயலாரைக் கொண்டே அணியை நிரப்புவர். உள்ளூர் இளைஞன் வேலிக்கு வெளியே நிற்பான்.

நாட்டு அணிக்கோ ஒப்பந்தம் போதாது. உலக றக்பி அமைப்பின் எட்டாம் ஒழுங்குவிதிப்படி, ஆட்டக்காரரேனும் அவர்தம் பெற்றோர், பாட்டன், பாட்டியருள் ஒருவரேனும் அந்நாட்டிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் ஆட்டக்காரர் அந்நாட்டு றக்பி அமைப்பில் மட்டுமே தொடர்ந்து ஐந்தாண்டு பதிவு பெற்றிருத்தலோ, அங்கே இடையிட்டுப் பத்தாண்டு வாழ்ந்திருத்தலோ வேண்டும். தகுதியற்ற ஒருவரை ஆடவைத்தமையால் ஸ்பெயின் 2022இல் 10 புள்ளிகளை இழந்தது. மறு ஆண்டின் உலகக் கிண்ணப் போட்டியில் அதன் இடம் ருமேனியாவுக்குச் சென்றது.

ஆதலின், புலம்பெயர்ந்த நம்மவரின் பேரனும் இலங்கைக்காக ஆடத் தகுதியுடையவனாகலாம். நம் கரைமணலில் ஓடும் சிறுவனுக்கும் அவ்வுரிமை உண்டு. இருவருள் எவன் ஆடுவான் என்பதை விதி கூறாது, பயிற்சியே கூறும். அப்பயிற்சியை நம் சிறுவனுக்கு அளித்தல் நம் கடன்.