இடைவெளிக்குப் பின் உடற்பயிற்சி

காய்ச்சலோ, அறுவைச் சிகிச்சையோ, மாரடைப்போ ஒருவரைச் சில வாரங்கள் படுக்கையில் கிடத்திய பின், நோய் நீங்கியும் உடல் பழைய நிலைக்குத் திரும்பாதிருப்பது பலரும் அறிந்ததே. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சிறிது தூரம் நடந்தாலும் கால்கள் சோர்கின்றன. இதனை நோயின் மிச்சம் எனக் கருதி மேலும் ஓய்வெடுப்போர் உண்டு. ஆனால் இத்தளர்ச்சியில் ஒரு பங்கு, அசையாதிருந்ததன் விளைவேயாகும். அதனை ஓய்வினால் போக்க இயலாது.

ஓய்வின் விலை

1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், சுமார் இருபது வயதுடைய ஆரோக்கியமான இளைஞர் ஐவர் மூன்று வாரங்கள் படுக்கையிலேயே வைக்கப்பட்டனர். கடும் உழைப்பின்போது உடல் பயன்படுத்தக்கூடிய பிராணவாயுவின் உச்ச அளவு அவர்களிடம் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1996இல், அதே ஐவர் மீண்டும் சோதிக்கப்பட்டனர். முப்பது ஆண்டு முதுமையால் ஏற்பட்ட குறைவைவிட மூன்று வாரப் படுக்கையால் ஏற்பட்ட குறைவே அதிகமெனத் தெரிந்தது. ஐம்பது வயதில் அவர்களுக்கு ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி அளித்தபோது, அந்த முதுமைக் குறைவும் ஈடுசெய்யப்பட்டது. இழந்த திறனைப் பிற்காலத்திலும் மீட்க முடியும் என்பதே இதன் படிப்பினை.

இழப்பு ஒரே சீராக நிகழ்வதில்லை. பயிற்சி நின்ற சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி குறையத் தொடங்குகிறது. அதனால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் இரத்தம் குறைகிறது. தசை வலிமை சற்று மெதுவாகவே குறைகிறது. மீட்சியிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. மூச்சும் தசையும் விரைவில் தேறிவிட, தசைநார்களும் மூட்டுகளும் பின்தங்குகின்றன. இரண்டாம் மாதத்தில் உற்சாக மிகுதியால் ஓடத் தொடங்குவோர் முழங்கால், குதிகால் வலிக்கு ஆளாவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மாறிய மருத்துவக் கருத்து

மாரடைப்புக்கு உள்ளானவர் பல வாரங்கள் அசையாது கிடக்க வேண்டும் என்பதே ஒரு காலத்தில் மருத்துவ மரபாக இருந்தது. 1952ஆம் ஆண்டில் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லவுன் என்னும் அமெரிக்க மருத்துவர்கள், அத்தகைய நோயாளிகளைச் சில நாட்களிலேயே நாற்காலியில் அமரச் செய்து, அதனால் தீங்கு விளையவில்லை எனக் காட்டினர். இன்று மேற்பார்வையுடன் கூடிய உடற்பயிற்சி இதய நோய்ச் சிகிச்சையின் ஓர் அங்கமாகிவிட்டது.

நம் நாட்டில் இதற்கான புனர்வாழ்வு நிலையங்கள் குறைவு. இருப்பவையும் பெரும்பாலும் நகரங்களிலேயே உள்ளன. எளிய மாற்றாக யோகாசனப் பயிற்சி உதவுமா என 24 மருத்துவமனைகளில் 3,959 நோயாளிகளிடம் ஆராயப்பட்டது. 2020இல் வெளியான முடிவுகளின்படி, பயிற்சி பெற்றோர் தம் உடல்நிலை மேம்பட்டதாக உணர்ந்ததுடன், முன்பு செய்துவந்த செயல்களுக்கு மற்றவரைவிட நன்கு திரும்பினர். எனினும் மரணமும் மீண்டும் மாரடைப்பும் இதனால் குறைந்தன என்பது உறுதியாக நிறுவப்படவில்லை.

தொடங்கும் முறை

நெடுநாள் படுத்திருந்தவருக்குச் சமதளத்தில் ஐந்து அல்லது பத்து நிமிட நடையே போதுமான தொடக்கம். முதலில் நாட்களையும் நேரத்தையும் கூட்ட வேண்டும். வேகத்தை இறுதியில்தான் கூட்ட வேண்டும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாதிருக்க வேண்டும். மிதமான பயிற்சிக்கு இதுவே எளிய அளவுகோல். சில இதய மருந்துகள் நாடித்துடிப்பை மட்டுப்படுத்துவதால், அவற்றை உட்கொள்வோர் நாடியை நம்புவதைவிட இம்முறையை நம்புவது நன்று. மறுநாளும் சோர்வு நீங்காவிடில், முந்தைய அளவுக்கே திரும்ப வேண்டும்.

வயல் வேலைக்கும் சுமை தூக்கும் தொழிலுக்கும் திரும்ப வேண்டியவர்களுக்கு இது பிழைப்பைப் பொறுத்த விஷயமாகும். மூச்சை அடக்கிப் பாரம் தூக்கினால் இரத்த அழுத்தம் திடீரென உயரும். ஆகவே இதய நோயாளிகள் மருத்துவரின் அனுமதி பெற்று, சிறு சுமைகளிலிருந்து தொடங்க வேண்டும். காய்ச்சல் இருக்கையில் எவரும் பயிற்சி செய்யலாகாது. மார்பில் இறுக்கம், மயக்கம், படபடப்பு, வழக்கத்திற்கு மாறான மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும்.

பொது ஏற்பாடுகள்

வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. நோயினின்று மீள்வோருக்கு இது சென்றடைய வேண்டிய இலக்கே. முதல் வாரத்திலேயே எட்ட வேண்டியதன்று. 2022இல் இந்தியாவில் வயது வந்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் போதிய உடலுழைப்பு இல்லாதிருந்தனர் என அந்நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29இல் தொடங்கப்பட்ட ஃபிட் இந்தியா இயக்கம் பொதுமக்களை உடற்பயிற்சியில் ஈடுபடுமாறு ஊக்குவிக்கிறது. நோயால் இடையில் நிறுத்தியவருக்கோ தனி வழிகாட்டுதல் தேவை. மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது மருந்துச் சீட்டுடன், முதல் வாரம் எவ்வளவு நடக்கலாம், எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்ற குறிப்பையும் எழுதித் தரலாம். அதனை ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளர் தொடர்ந்து கவனிக்கலாம். இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. நிழலுள்ள ஒரு பாதையும், தக்க அறிவுரையும், நோயாளியின் பொறுமையும் இருந்தால் பெரும்பாலோர் மீண்டும் தம் கால்களில் நிற்க இயலும்.