செனட்டின் சிவராத்திரி

வாஷிங்டன் கேபிடல் கட்டடம். வடக்குப் பக்கம். இரவு இரண்டு மணி. சத்தம் போடாமல் வாருங்கள். ஊரே தூங்கும் நேரத்தில், பகலெல்லாம் டி.வி.யில் ஒருவரையொருவர் வறுத்தெடுத்த நூறு செனட்டர்கள் ஒரே அறையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பதை எட்டிப் பார்க்கப் போகிறோம்!

முதலில் மிட்டாய். குடியரசுக் கட்சி வரிசையில், வாசலையொட்டி ஒரு மேஜை. இழுப்பறையைத் திறந்தால் உள்ளே முழுக்க மிட்டாய், சாக்லேட். கலிஃபோர்னியா செனட்டர் ஜார்ஜ் மர்ஃபி 1965-ல் தொடங்கிவைத்த பழக்கம் இது. இவர் ஹாலிவுட்டில் ஆடிப் பாடி நடித்தவர். அந்த மேஜை யாருக்கு வந்தாலும் இழுப்பறையை நிரப்பி வைத்தாக வேண்டும். எதிர்வரிசை ஜனநாயகக் கட்சிக்காரர்களும் கூச்சமில்லாமல் வந்து கையை விடுவார்கள். மற்றபடி அவைக்குள் சாப்பாடு கூடாது. குடிக்கத் தண்ணீர் உண்டு, பால் உண்டு. ஆமாம், பால்! 2020-ல் டிரம்ப் மீதான பதவிநீக்க விசாரணையில் குடியரசுக் கட்சி செனட்டர் மிட் ராம்னி சாக்லேட் பால் குடித்தது அன்றைய முக்கியச் செய்திகளில் ஒன்று.

எதற்கு இந்தத் தூக்கம் கெட்ட கூத்து? செனட்டில் சாதாரண மசோதாவுக்கு விவாதத்தை முடிக்கவே 60 வாக்கு வேண்டும். இப்போதெல்லாம் எந்தக் கட்சிக்கும் 60 இடம் கிடைப்பதில்லை. எதிர்க்கட்சியிலிருந்து ஆள் வருவதும் அரிது. முன்பு வந்தார்கள். 1965-ல் முதியோருக்கான மெடிகேர் திட்டம் நிறைவேறியபோது குடியரசுக் கட்சி செனட்டர்களில் 13 பேர் ஆதரித்தார்கள். 2010-ல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கு அதே கட்சியிலிருந்து ஒரே ஒரு வாக்கு? ம்ஹூம். 2017-ல் டிரம்பின் வரிக்குறைப்புக்கு ஜனநாயகக் கட்சி அதே முட்டையைத் திருப்பிக் கொடுத்தது.

ஆகவே இரண்டு கட்சியும் ஒரே சந்து வழியாகத்தான் போகின்றன. பட்ஜெட் தொடர்பான மசோதா என்றால் பாதிக்கு மேல் ஒரு வாக்கு போதும். ஆனால் ஒரு நிபந்தனை: யார் வேண்டுமானாலும் எத்தனை திருத்தம் வேண்டுமானாலும் கொண்டுவரலாம், ஒவ்வொன்றுக்கும் வாக்கெடுப்பு. தரப்புக்கு ஒரு நிமிடம் பேச்சு, உடனே பெயர் கூப்பிடுவார்கள். செனட்டர்கள் குமாஸ்தா மேஜை முன்னால் வந்து கட்டைவிரலை மேலே காட்டினால் சரி, கீழே காட்டினால் இல்லை. இதற்கு அங்கே ‘வோட்-அ-ராமா’ என்று பெயர். திருத்தங்களில் பெரும்பாலானவை தோற்கும், கொண்டுவருகிறவருக்கே அது தெரியும். எதிராளி ‘இல்லை’ என்று விரல் காட்டினால் அடுத்த தேர்தல் விளம்பரத்துக்குச் சரக்கு கிடைத்துவிடும், அவ்வளவுதான்!

எனக்குப் பிடித்த காட்சி 2021 மார்ச். பைடனின் 1.9 டிரில்லியன் டாலர் கொரோனா நிவாரண மசோதா, 628 பக்கம். தாமதப்படுத்துவதற்காகக் குடியரசுக் கட்சியின் ரான் ஜான்சன் எழுந்து, முழுவதையும் உரக்கப் படியுங்கள் என்றார். விதி அப்படி, படித்தாக வேண்டும். பாவம் குமாஸ்தாக்கள்! மாறி மாறி கிட்டத்தட்ட 11 மணி நேரம் படித்து முடித்தபோது அதிகாலை இரண்டு தாண்டிவிட்டது. ஜான்சன் தரப்பில் ஒருவர்கூட அவையில் இல்லை. ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் வான் ஹாலன் மெல்ல எழுந்து, 20 மணி நேர விவாதத்தை மூன்றாகக் குறைக்கலாமா என்று கேட்டார். ஆட்சேபிக்க ஆளில்லை. நிறைவேறியது! தடுத்ததைவிட அதிக நேரத்தை ஜான்சனின் கட்சி தூங்கப்போய் இழந்தது.

விடிந்த பிறகு இன்னும் வேடிக்கை. 2009 முதல் 7.25 டாலரிலேயே நிற்கும் குறைந்தபட்ச மணிக்கூலியை 15 ஆக்கும் திருத்தம். ஜனநாயகக் கட்சி செனட்டர் கிர்ஸ்டன் சினிமா முழங்காலை லேசாக மடக்கிக் குனிந்து கட்டைவிரலைக் கீழே காட்டிய வீடியோ உலகம் சுற்றியது. அந்த ஒரு வாக்கெடுப்பை மட்டும் 11 மணி 50 நிமிடம் முடிக்காமல் திறந்தே வைத்திருந்தார்கள். தோற்கப்போகும் திருத்தத்துக்கு எதற்கு இத்தனை நேரம்? திரைக்குப் பின்னால் வேலையில்லாதோர் உதவித்தொகை விஷயத்தில் ஜனநாயகக் கட்சியின் ஜோ மான்சினை அவர் கட்சிக்காரர்களே தாஜா செய்துகொண்டிருந்தார்கள்.

இந்த இரவுகளின் சூட்சுமமே இதுதான். மேடையில் கட்சியும் கட்சியும் மோதும். பேரம் மட்டும் சொந்தக் கட்சிக்குள்ளே, கடைசி ஒருவரிடம். இரு பக்கமும் சமமானால் துணை அதிபர் வந்து தீர்ப்பார். பைடன் எட்டு வருடம் துணை அதிபராக இருந்தபோது ஒருமுறைகூட அந்த வேலை வரவில்லை. கமலா ஹாரிஸுக்கு நான்கே வருடத்தில் 33 முறை, சாதனை! மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்துக்காரர்கள் குறித்துவைத்துக்கொள்ளலாம், அவருடைய தாத்தா ஊராயிற்றே.

2025 ஜூன் கடைசிக்கு வருவோம். டிரம்பின் ‘ஒன் பிக் பியூட்டிஃபுல் பில்’. வரிக்குறைப்பை நிரந்தரமாக்கி, ஏழைகளின் மெடிகெய்ட் காப்பீட்டில் கைவைக்கும் மசோதா. இம்முறை சுமார் 940 பக்கத்தையும் உரக்கப் படிக்க வைத்தது ஜனநாயகக் கட்சி. ஆட்டம் அதே, ஆள்தான் மாறியது. பிறகு ஜூன் 30 காலையில் தொடங்கிய வாக்கெடுப்புகள் மறுநாள் வரை நீண்டு 45-ஐத் தொட்டன. 2008-ன் 44 முறியடிக்கப்பட்டது.

குடியரசுக் கட்சி 53 பேரில் மூவர் முறுக்கிக்கொள்ள, நான்காவதாக ஒருவர் நகர்ந்தால் மசோதா கவிழும் என்ற நிலை. எல்லாக் கண்ணும் அலாஸ்காவின் லிசா முர்கவ்ஸ்கி மேல். அவரைச் சுற்றி விடிய விடியக் கூட்டம். மசோதாவைப் புரட்டினால் திமிங்கில வேட்டைத் தலைவர்களுக்கான வரிக்கழிவு 10,000 டாலரிலிருந்து 50,000 ஆகியிருக்கிறது! உணவு மானியத்துக்கு வேலை பார்த்தாக வேண்டும் என்ற நிபந்தனையிலும் ஒரு விலக்கு. அலாஸ்கா என்று பெயர் சொல்லாமல், பெருநிலப்பரப்போடு ஒட்டாத மாநிலங்கள் என்று எழுதியதால் ஹவாய்க்கும் அது கிடைத்தது. ஹவாயின் இரண்டு செனட்டர்களும் ஜனநாயகக் கட்சி. இருவரும் எதிர்த்து வாக்களித்தார்கள்.

கடைசி வாக்குக்குச் சற்று முன் செனட்டின் ஜனநாயகக் கட்சித் தலைவர் சக் ஷூமர் எழுந்தார். மசோதாவின் தலைப்பு பட்ஜெட் விதிக்குப் பொருந்தாது என்றார். தலைமையிருக்கை ஏற்றுக்கொள்ள, தலைப்பு காலி! 50-50 ஆனது, துணை அதிபர் ஜே.டி. வான்ஸ் 51-ஆவது வாக்கைப் போட்டார். ஜூலை 4 அன்று கையெழுத்தும் ஆனது. தலைப்பு போன பிறகும் பலர் பழைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஷூமரின் கட்சிக்காரர்களும் திட்டும்போது பாதி நேரம் அதே பெயரைத்தான் சொல்கிறார்கள்.