எட்டயபுரத்தில் இறங்கிய பிடில்

தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் போனால் எட்டயபுரம். பாரதி பிறந்த ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். கடல் கடந்து வந்த மெட்டுகளையும் ஒரு மரப்பெட்டியையும் நம் சங்கீதத்துக்குள் கூட்டிவந்த சகோதரர்கள் வாழ்ந்த ஊரும் அதுதான்.

கதை தொடங்குவது சென்னையை அடுத்த மணலியில், 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில். அந்தச் சகோதரர்களில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பத்தை ஆதரித்த மணலி சின்னையா முதலியார், கிழக்கிந்தியக் கம்பெனியின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்பு சகோதரர்களுக்கு அவரால் கிடைத்தது. முத்துசுவாமி அந்த மெட்டுகளை எடுத்துக்கொண்டு சம்ஸ்கிருத வரிகளைப் பொருத்தினார். சுமார் 40 பாடல்கள். இங்கிலாந்தின் 'காட் சேவ் தி கிங்' 'சந்ததம் பாஹிமாம்' ஆனது. அயர்லாந்தின் 'லிமரிக்' மெட்டில் 'வந்தே மீனாக்ஷி' பிறந்தது. 'நோட்டு' என்ற ஆங்கிலச் சொல்லும் கூடவே ஒட்டிக்கொண்டு, இவற்றுக்கு நோட்டுஸ்வர சாகித்யம் என்றே பெயர்.

எங்கோ பிறந்த மெட்டு நம் சுரங்களில் எப்படி இவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்தது? பதில் எண்களில் இருக்கிறது. நொடிக்கு 240 முறை அதிரும் ஒலியை 'ஸ' என்று வைத்துக்கொண்டால், 'ப' 360 முறை அதிரும். அதாவது 2-க்கு 3. இரண்டு படகுகளில் ஒருவர் இரண்டு முறை துடுப்புப் போடும் நேரத்தில் மற்றவர் மூன்று முறை போட்டால், ஒவ்வொரு சுற்றிலும் இருவர் துடுப்பும் ஒன்றாகத் தண்ணீரைத் தொடும் அல்லவா? அந்தச் சந்திப்பைத்தான் காது இனிமை என்கிறது. இப்படியே 'ரி' 270, 'க' 300, 'ம' 320, 'த' 400, 'நி' 450 என்று அடுக்கினால் சங்கராபரண ராகம் கிடைக்கும். ஐரோப்பியர்கள் 'மேஜர்' என்று சொல்லும் சுரவரிசையும் ஏறத்தாழ இதுவேதான். இன்றைய பியானோவில் 'க' 300-க்குப் பதில் 302-ஐத் தாண்டி நிற்கும், இப்படிச் சிறு வித்தியாசங்கள்தான். கமகம் என்கிற அசைவை விலக்கிவிட்டுச் சங்கராபரணத்தை நேராகப் பாடுங்கள், அணிவகுப்பு நடை தானாக வந்துவிடும்.

தம்பி பாலுசுவாமி மெட்டோடு நிற்கவில்லை. ஒரு ஐரோப்பியரிடம் மூன்று ஆண்டுகள் பிடில் கற்றார். பின்னாளில் எட்டயபுரம் சமஸ்தானத்தின் வித்துவானாக அமர்ந்தார்.

அந்தப் பிடிலுக்குள் நடப்பதுதான் என்னை விடாமல் ஈர்க்கிறது. வில்லில் கட்டியிருப்பது குதிரைவால் முடி. அதன்மேல் பைன் மரப் பிசினைத் தேய்ப்பார்கள். பிசின் தந்தியைப் பற்றி இழுக்கும்; இழுவை தாங்காமல் தந்தி நழுவும்; மறுகணம் மீண்டும் பற்றும். 240 அதிர்வுள்ள சுரத்துக்கு இந்தப் பற்றலும் நழுவலும் நொடிக்கு 240 முறை. ஒரே சீராக வில் போட்டது போலத்தான் நமக்குக் கேட்கும். அந்த நேரத்தில் தந்தி வளைந்து ஆடுவதாகக் கண்ணுக்குத் தெரியும். உண்மையில் அதில் ஒரு சிறு முடக்கு மட்டும் முனைக்கு முனை ஓடிக்கொண்டிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் இதைக் கண்டு சொன்னவர் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். முப்பத்திரண்டரை சென்டிமீட்டர் தந்தியில் அதன் வேகம் மணிக்கு 560 கிலோமீட்டர். அந்த வேகத்தில் தூத்துக்குடியிலிருந்து எட்டயபுரத்துக்கு ஆறு நிமிடம்கூட ஆகாது!

நூல் போன்ற தந்தியால் தனியாகக் காற்றைப் பெரிதாக அசைத்துவிட முடியாது. தந்தியைத் தாங்கும் சிறு மரத்துண்டு, வீணைக்காரர்கள் 'குதிரை' என்பார்களே அது, அதிர்வைப் பெட்டிக்குக் கடத்துகிறது. உள்ளே மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே ஆணி, பசை எதுவும் இல்லாமல் ஒரு சிறு குச்சி செருகி நிற்கும். அதை எடுத்துவிட்டால் நாதம் மெலிந்துவிடும். மின்சாரமே இல்லாத அந்தக் காலத்தில் ஒரு பாட்டு, ஒரு பிடில், ஒரு மிருதங்கம், ஒரு தம்புரா என்ற சிறு குழு அரண்மனைக் கூடத்தை நிறைத்தது இந்தப் பெட்டியின் துணையோடு.

நம்மவர்கள் செய்த மாற்றமோ எளிமையானது, ஆனால் அபாரமானது. ஐரோப்பியர் பிடிலை மோவாயின்கீழ் இடுக்கிக்கொள்வார்கள். நம் வித்துவான் சம்மணமிட்டு அமர்ந்து, பிடிலின் தலையை வலது பாதத்தில் ஊன்றி, மறுமுனையை மார்பில் சாய்த்துக்கொள்கிறார். பிடிலைத் தாங்கும் வேலை கையிலிருந்து காலுக்குப் போய்விட்டது. விடுதலையான இடது கை தந்தியின் நீளம் முழுக்க வழுக்கி ஓடலாம். வீணைக்கு இருப்பதுபோல் மெட்டுக்கட்டைகள் குறுக்கே இல்லாததால், கமகம் தங்குதடையின்றிப் பிறக்கும். நான்கு தந்திகளையும் 'ஸ ப ஸ ப' என்று பாடகரின் சுருதிக்கு இறக்கிக் கட்டினார்கள். கருவியில் ஒரு மரத்துண்டைக்கூட மாற்றவில்லை.

முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் எட்டயபுரத்தில் மறைந்தார். சமாதியும் அங்கேயே இருக்கிறது. பாலுசுவாமியின் பேரனும் சுவீகாரப் புதல்வருமான சுப்பராம தீட்சிதர், ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக் குறியீடு அமைத்து, 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை 1904-இல் அதே ஊரில் அச்சேற்றினார்.

இன்று இரவே 'காட் சேவ் தி கிங்'கையும் 'சந்ததம் பாஹிமாம்'மையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எது எந்த நாட்டுப் பாட்டு என்று அவர்களே சொல்லட்டும்.