யந்திரம் போட்ட புள்ளி



தாயும் தகப்பனும் வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? நமக்குத் தோட்டத்து ஆயாக் கொட்டகை இருந்தது. நெதர்லாந்து நாட்டிலோ, காப்பகக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசாங்கம் உதவித் தொகையாகக் கொடுத்து வருகிறது. பொய்க் கணக்குக் காட்டுவோரைப் பிடிக்க, 2013ஆம் ஆண்டில் அந்நாட்டு வரி இலாகா கணினியை நாடியது. ஒவ்வொரு மனுவுக்கும் கணினி ஒரு புள்ளி போடும். புள்ளி ஏறினால் மனு சந்தேகப் பட்டியலுக்குப் போகும்.

புள்ளியை ஏற்றிய காரணங்களுள் ஒன்று என்ன தெரியுமா? மனுதாரர் நெதர்லாந்துப் பிரஜை அல்லர் என்பதுதான்! பட்டியலில் விழுந்த மனுவை ஓர் அதிகாரியும் பார்த்தார். ஆனால் புள்ளி ஏன் ஏறியது என்பது அவருக்கே தெரியாது. சில வேளைகளில், ஒரு கையெழுத்து விடுபட்டதற்காகக்கூட, வாங்கிய தொகை முழுவதையும் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. பல்லாயிரம் யூரோ! கடனில் மூழ்கி வீட்டை இழந்தவர்களும் உண்டு.

விவகாரம் வெடித்து, 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது. அதே ஆண்டு டிசம்பரில் வரி இலாகாவுக்கு 27 லட்சத்து 50 ஆயிரம் யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. அரசாங்கத்தின் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போன பணந்தான் அது. பாதிக்கப்பட்ட பெற்றோருக்கு ஆளுக்கு 30,000 யூரோ நஷ்டஈடு என்று அறிவித்ததே உருப்படியான காரியம்.

சட்டம் என்ன சொல்கிறது? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடப்பிலுள்ள சட்டத்தின் 22ஆம் பிரிவு, ஒருவரின் வாழ்வைப் பெரிதும் பாதிக்கும் முடிவை யந்திரம் மட்டுமே எடுக்கக் கூடாது என்கிறது. ஒருவர் சம்மதித்து அப்படி எடுத்தாலும், ஒரு மனிதர் அதை மறுபடி பார்க்க வேண்டுமென்று கேட்கவும், தம் நியாயத்தைச் சொல்லவும், முடிவை எதிர்க்கவும் அவருக்கு உரிமை உண்டு.

“மட்டுமே” என்ற சொல்லைக் கவனியுங்கள். யந்திரம் சொன்னதற்குக் கீழே ஒருவர் முத்திரை குத்திவிட்டால், “மனிதர்தான் முடிவு செய்தார்” என்று தப்பித்துக்கொள்ளலாமே! ஜெர்மனியில் கடன் மறுக்கப்பட்ட ஒருவரின் வழக்கில் இந்தக் கேள்வி எழுந்தது. வங்கி அந்தப் புள்ளியையே பெரிதும் நம்பி முடிவு செய்தால், புள்ளி போடுவதே முடிவு எடுப்பதுதான் என்று 2023 டிசம்பர் 7ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

செயற்கை நுண்ணறிவுக்கென்றே ஒரு சட்டம் 2024 ஆகஸ்டு முதல் தேதி பிறந்தது. அதன் விதிகள் படிப்படியாக நடப்புக்கு வருகின்றன. அரசாங்க உதவி, வேலை, பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றைத் தீர்மானிக்கும் கணினிகளை ஒரு மனிதர் மேற்பார்வையிட வேண்டும். யந்திரம் சொன்னதைத் தள்ளிவைக்கவும் அவரால் முடிய வேண்டும் என்கிறது அச்சட்டம்.